விடைத்தாளின் தலையில் ஒரு சுழி

1

கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ரொம்ப மரியாதையான கடிதம். இந்த இங்கிலாந்துக்காரர்கள் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதாக இருந்தாலும் ‘தயவுசெய்து’ போட்டுத்தான் தள்ளுவார்கள். ‘தங்கள் மகளின் விடைத்தாளில், விடைக் கட்டங்களுக்கு வெளியே, இனம் தெரியாத குறி ஒன்று காணப்படுகிறது. விளக்கம் கிடைக்கும்வரை அந்த விடைத்தாள் தனியே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. தயவுசெய்து பிள்ளையுடன் நேரில் வரவும்.’

கூடவே அந்தக் குறியின் நகலையும் வைத்திருந்தார்கள். தாளின் உச்சியில், நடுவாந்திரமாக, பென்சிலால் போட்ட ஒரு சின்ன ‘உ’. அடியில் இரண்டு கோடு.

பிள்ளையார் சுழி. பார்த்ததும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அதைப் போடச் சொன்னவள் நான்தான். பரீட்சை நடந்த பள்ளியின் வாசலில், மழைத்தூறலில், அவள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, “தாளை வாங்குனதும் முதல்ல சுழி போட்டுக்கோ மக்கா” என்று சொல்லி அனுப்பினேன். அந்தத் தாளை மனிதர்கள் திருத்துவதில்லை, இயந்திரம்தான் படிக்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் வாயில் வந்துவிட்டது.

“பிள்ளையார் பிடிக்கப் போயி குரங்கா முடிஞ்ச கதையாயிட்டேட்டி” என்றார் வீட்டுக்காரர். அவருக்கு வாசுதேவநல்லூர். அந்த ஊர்க்காரர்களுக்கு எந்த நேரத்திலும் ஒரு சொலவடை கைவசம் இருக்கும். எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தை அவர் மேலேயே விட்டெறிந்தேன்.

நாள்காட்டியைப் பார்த்தால், அவர்கள் வரச்சொன்ன வெள்ளிக்கிழமை, நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கிய பன்னிரண்டாம் ஆண்டு நிறைவு.

2

ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்லுகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகள் புத்தகப் பை இல்லாமல் துள்ளிக் குதித்துப் பள்ளிக்கூடம் போகும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஏழு வயதுவரை அது உண்மைதான். அதற்குப் பிறகு, எங்கள் வட்டாரத்தில், பத்து வயதில் ஒரு தேர்வு வருகிறது. அதில் தேறினால் நல்ல அரசுப் பள்ளி, அதுவும் இலவசமாக. தேறாவிட்டால் வேறு பள்ளி. கட்டாயம் ஒன்றும் கிடையாது, வேண்டுமானால் எழுதலாம் என்பார்கள். நம் ஆட்களைக் கேட்கவேண்டுமா? ஆந்திராக்காரர், குஜராத்திக்காரர், சிலோன்காரர், நாங்கள் என்று எல்லோரும் வரிசையில் நின்றோம். அந்தப் பள்ளியின் எல்லைக்குள் குடியிருக்கவேண்டும் என்பதற்காக, இருந்த விசாலமான வீட்டை விட்டு, குனிந்து ஏறவேண்டிய மாடிப்படி உள்ள ஒரு வீட்டுக்குக் குடிவந்தோம். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

மகள் பெயர் சங்கரி. பள்ளியில் ‘சாங்க்ஸ்’. சங்கரன்கோவில்காரி பெற்ற பிள்ளைக்கு வேறென்ன பெயர் வைப்பது? வீட்டில் நாங்கள் பேசுகிற நெல்லைத் தமிழ்தான் அவள் பேசுவதும், இடையிடையே இங்கிலீஷ் கலந்து.

எட்டு வயதில் அவளுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. தெருவில் இருக்கும் சாக்கடை மூடிகள். இந்த ஊர் மூடிகளில் வார்ப்பிரும்பில் எழுத்தும் பூவேலையும் இருக்கும். அவள் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பாள். மழை நின்றதும் நடைபாதையில் படுத்து மூடியில் காதை வைப்பாள். வழியில் போகிற வெள்ளைக்காரக் கிழவிகள் பதறுவார்கள். “அம்மா, கீழ ஆறு ஓடுதும்மா. இந்தப் பக்கம் போகுது, கேட்டுப் பாரேன்” என்பாள். நானும் ஒரு தடவை கோட்டோடு குனிந்து கேட்டிருக்கிறேன். ஓடத்தான் செய்தது. “எங்க ஊர்ல மேல குழாயிலயே தண்ணி வராது, இவுக ஊர்ல தரைக்குக் கீழயும் ஓடுது பாரு” என்று சொன்னதும், “ஏன் வராது?” என்று அதற்கு ஒரு மணிநேரம் கேள்வி.

ஒரு பெரிய சார்ட் தாளில் எங்கள் பேட்டையின் வரைபடத்தை வரைந்து தன் அறைச் சுவரில் ஒட்டினாள். எங்கெங்கே மூடி, எதில் சத்தம் அதிகம், எதில் குறைவு, தண்ணீர் எந்தத் திசையில் போகிறது என்று நீலப் பென்சிலில் அம்புக்குறி. இரண்டு இடத்தில் கேள்விக்குறி. அந்த இடத்தில் தண்ணீர் எங்கே போகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

பயிற்சி வகுப்பில் சேர்த்தபோது அவளுக்கு எட்டரை வயது. சனி, ஞாயிறு இரண்டு நாளும். வாரநாளில் காலை அரைமணி சொற்கள், மாலை அரைமணி கணக்கு, ராத்திரி ஒரு மாதிரித்தாள். ஐம்பது நிமிடம், எண்பது கேள்வி. பயிற்சி வகுப்பு ஆசிரியர் முதல் நாளே ஒரு நிறுத்துக்கடிகாரம் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். “இவள் நன்றாக யோசிக்கிறாள்” என்றார் என்னிடம். நான் பூரித்துப்போனேன். “அதுதான் பிரச்சினை. இதில் யோசிக்க நேரம் கிடையாது” என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளை யோசிக்காமல் இருக்கப் பழக்கினேன். அந்த வித்தையில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

3

பிளஸ் டூ இரண்டு வருடத்துக்கும் அப்பா என்னை வடக்கே, கோழிப்பண்ணைகளுக்குப் பேர்போன ஒரு ஊரின் விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். அப்பா தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தர். யார் வீட்டுப் பிள்ளை எத்தனை மார்க்கு என்பது பட்டா எண் மாதிரி அவருக்கு மனப்பாடம். “ரெண்டு வருசம் பல்லக் கடிச்சிட்டு இரு மக்கா. பிறகு வாழ்க்கை பூரா ஜாலிதான்” என்றார். எல்லா அப்பாக்களும் சொன்னதுதான். அந்த ‘பிறகு’ எந்த பஸ்ஸில் வருகிறது என்று இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காலை நாலரைக்கு மணி. ஜன்னல்களுக்கு மேல்பாதியில் மட்டும்தான் கண்ணாடி. ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு அங்கே ஒரு முறை இருந்தது. கேள்வியைப் படிக்கக்கூடாது, அது நேர விரயம். பாடத்தின் பின்னால் இருக்கும் விடைகளை எழுத்தாக மட்டும் மனப்பாடம் செய்யவேண்டும். இ, அ, அ, ஈ, ஆ, இ, இ. நாங்கள் அறுபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அதைச் சொல்லுவோம். கேள்வியின் முதல் சொல்லைப் பார்த்தாலே கை தானாக எழுத்தைப் போட்டுவிடும். இயற்பியலில் இருநூறுக்கு நூற்றித் தொண்ணூற்றெட்டு வாங்கினேன். அந்த எழுத்து வரிசை இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். கேள்விகளில் ஒன்றுகூட ஞாபகமில்லை.

அங்கே நான் ஒரே ஒரு தடவை எழுந்து நின்று சந்தேகம் கேட்டேன். எங்கள் ஊர்ப் பூச்சந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விடியற்காலையில் மொட்டாகப் பறித்துக் கொண்டுவந்து கொட்டிய மல்லி, சாயங்காலம் சரியாக விரியும். கட்டி வைத்திருந்தாலும் விரியும், பைக்குள் மூடி வைத்திருந்தாலும் விரியும். செடியை விட்டு வந்துவிட்ட மொட்டுக்குச் சாயங்காலம் ஆனது எப்படித் தெரிகிறது? சின்ன வயதிலிருந்தே மண்டையைக் குடைந்த விஷயம். தாவரவியல் சாரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். “சிலபஸ்ல இல்லம்மா. உக்காரு” என்றார்.

உட்கார்ந்தேன். இன்று ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கிறேன். நாள் முழுக்க பார்கோடு ஒட்டிய குழாய்களைப் பெட்டியில் அடுக்குவேன், எடுப்பேன். மல்லிக்கு எப்படித் தெரிகிறது என்று போனில் தட்டினால் அரை நிமிடத்தில் வந்துவிடும். இத்தனை வருடத்தில் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பே போய்விட்டது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

4

தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு, ஆடித்தபசுக்கு ஊருக்குப் போயிருந்தோம். எங்கள் கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிற சமயம். அந்த நாட்களில் கோவிலைச் சுற்றி வந்தால் அம்மனின் கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்று நம்பிக்கை. ஆடிச்சுற்று என்போம். நூற்றியெட்டு சுற்று சுற்றுவார்கள், அதற்கு மேலும் சுற்றுவார்கள். என் பிளஸ் டூ பரீட்சை வருடம் அம்மா சுற்றினாள். இந்தத் தடவை அப்பா, பேத்திக்காக நேர்ந்துகொண்டு, பேத்தியையே சுற்றச் சொல்லிவிட்டார்.

சங்கரி சந்தோஷமாகத்தான் நடந்தாள். பிராகாரம் முழுக்க ஜனம். அப்பா புளியங்கொட்டையைக் கையில் வைத்து எண்ணிக்கொண்டு முன்னால் போனார். முப்பதோ முப்பத்தொன்றோ சுற்று இருக்கும், பிள்ளையைக் காணோம். பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தால், சுவரோரம் தண்ணீர் போகிற கல்துவாரத்தின் பக்கத்தில் பட்டுப்பாவாடையோடு மண்டிபோட்டு, காதை வைத்துக்கொண்டிருக்கிறாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன்.

“தாத்தா, அபிஷேகத் தண்ணி எங்க போகுது? தெப்பத்துக்கா?”

“ஏட்டி, சுத்து விட்டுப்போயிரும். எந்தி, எந்தி. எண்ணம் தப்பிட்டுன்னா முதல்லேருந்து சுத்தணும்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டு வா என்று சொன்னால் அம்மன் கோபித்துக்கொள்ளவா போகிறாள்? அவளே, சிவனா விஷ்ணுவா பெரியவர் என்று இறைவனிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்காக நிற்கிறவள். ஆனால் எனக்கும் எண்ணிக்கைதான் பெரிதாகப் பட்டது. “நட மக்கா, பிறகு பாக்கலாம்” என்றேன். அவள் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தாள். நூற்றியெட்டும் முடித்தோம். பிறகு பார்க்கவில்லை.

5

வெள்ளிக்கிழமை மூவரும் போனோம். சேர்க்கை அலுவலகத்தில் ஒரு நடுவயதுப் பெண்மணி, சிரித்த முகம். மேசையில் சங்கரியின் விடைத்தாள், கண்ணாடித்தாள் உறைக்குள், ஏதோ கொலைக்கேசில் பிடித்த கத்தி மாதிரி.

“அழகாக இருக்கிறது. இது என்ன?” என்று கேட்டார்.

நான் விளக்கினேன். எங்கள் வழக்கம், எதை எழுதத் தொடங்கினாலும் மேலே போடுவது, கடைக்காரர் சிட்டையிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை. அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். எழுதியதைப் படித்துக் காட்டினார். ‘சமயக் குறியீடு. பிள்ளையை அடையாளம் காட்டக்கூடும்.’ அப்படியென்றால் தாள் செல்லாது என்று ஆகிவிடுமா என்று கேட்க நினைத்தேன். “ஐ ஹேவ் எ டவுட்” என்றேன். ஊரில் டவுட் என்றால் கேள்வி. இங்கே அது எதிராளியை நம்பவில்லை என்பது. பன்னிரண்டு வருடமாகியும் அந்தச் சொல் வாயை விட்டுப் போகவில்லை. அவர் முகம் மாறியது. ‘பெற்றோர் ஏற்க மறுக்கிறார்’ என்று எழுதப்போனவரை, வீட்டுக்காரர் குறுக்கே விழுந்து, “நோ, நோ, கொஸ்டின், கொஸ்டின்” என்று தடுத்தார்.

அவர் பேனாவை வைத்துவிட்டு, உண்மையிலேயே எங்களுக்கு உதவுகிற குரலில் சொன்னார். “இந்தப் படிவத்தில் இரண்டு வழிதான் இருக்கிறது. இந்தக் குறிக்கு அர்த்தம் உண்டு என்றால், குழுவின் பார்வைக்குப் போகும். ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் பள்ளி விருப்பப் பட்டியல் கொடுக்கும் கெடு முடிந்துவிடும். அர்த்தம் இல்லை என்றால், இப்போதே முடித்து, தாளை இயந்திரத்துக்கு அனுப்பிவிடுவேன். எது சரி என்று நீங்கள் சொல்லுங்கள்.”

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். “எழுதிக் குடுத்துத் தொலைட்டி. பிள்ளையாரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு” என்றார் தமிழில்.

வெள்ளைத்தாள் ஒன்று கொடுத்தார்கள். பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினேன். இவர் முழங்கையால் இடித்தார். “மேல பாரு.” பார்த்தால், தாளின் உச்சியில் என் கை சுழி போட்டு வைத்திருக்கிறது. எனக்குத் தெரியாமலே போட்டிருக்கிறது. அந்தப் பெண்மணி வேறு எங்கோ பார்க்கிற மாதிரி இருந்துகொண்டு, இன்னொரு தாளை நகர்த்தினார். எவ்வளவு நாகரிகம்!

அந்தத் தாளில் எழுதினேன். ‘என் மகள் போட்டது பொருளற்ற கிறுக்கல்.’ ஆங்கிலத்தில்தான், ‘ஸ்கிரிபிள்’ என்று. சங்கரி எட்டிப் பார்த்து, “அம்மா, அதுல ரெண்டு பி வரும்” என்று மெதுவாகத் திருத்தினாள். திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

6

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் கேட்டாள்.

“அதுக்கு அர்த்தம் இல்லையாம்மா?”

“இருக்கு.”

“பின்ன ஏன் இல்லைன்னு எழுதுன?”

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். அவள் விடவில்லை. எவ்வளவோ நாள் கழித்து, பழைய சங்கரி.

“அது ஏன் அப்படி வளைஞ்சிருக்கு? முதல் முதல்ல யாரு போட்டா? அவுகளுக்கு யாரு சொல்லிக்குடுத்தா? கீழ ஏன் ரெண்டு கோடு?”

ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியாது. முப்பது வருடமாகப் போடுகிறேன், ஒருநாளும் கேட்டதில்லை. தெரியாது, வா சேர்ந்து தேடுவோம் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அலுப்பு, தலைவலி வேறு. “இப்ப அதெல்லாம் எதுக்கு மக்கா? அது ஒண்ணும் பரீட்சைல வராது” என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன வாய் மூடவில்லை, தாவரவியல் சார் கண்முன்னால் வந்து நின்றார். அந்த மனிதரை இருபது வருடமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவருக்காவது அறுபது பிள்ளைகள். எனக்கு ஒன்றே ஒன்று.

“ஓகே” என்றாள் சங்கரி. அதற்குப் பிறகு அவளும் பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

7

போன வாரம் முடிவு வந்தது. தேறிவிட்டாள். மின்னஞ்சலில் ஒரு எண், ஒரு ‘வாழ்த்துகள்’. இவர் என்னைத் தூக்காத குறை. அப்பாவுக்கு வீடியோவில் சொன்னோம்.

“தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு சும்மாவா சொன்னாவ! நான் தெருமுக்குல பிளெக்ஸ் வைக்கப் போறேன். நல்ல போட்டோவா ஒண்ணு அனுப்பு. எத்தனைக்கு எத்தனை மார்க்கு? அதைச் சொல்லு முதல்ல.” பிறகு பேத்தியிடம், “இன்னும் ஏழு வருசம் பல்லக் கடிச்சிட்டு இரு தாயி. பிறகு வாழ்க்கை பூரா ஜாலிதான்” என்றார். சங்கரி சிரித்துத் தலையாட்டினாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பொய்யான சிரிப்பில்லை, சந்தோஷம்தான். அதுதான் கேவலமாக இருக்கிறது. இந்த எண் வராமல் போயிருந்தால் நான் நொறுங்கிப்போயிருப்பேன். வந்ததும், எங்களை உள்ளே வைத்துக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. இரண்டும் ஒரே ஆளுக்குத்தான் தோன்றுகிறது.

சனிக்கிழமை காலை. இனிப் பயிற்சி வகுப்பு இல்லை. மழை பெய்து நின்றிருந்தது. எனக்கு ஒரு ஆசை, அவளைக் கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போய், அந்த இரண்டு கேள்விக்குறி இடத்தையும் காதை வைத்துக் கேட்டுப் பார்த்துவிடுவோம் என்று. கோட்டை மாட்டிக்கொண்டு அவள் அறைக்குப் போனேன்.

சுவரில் அந்த வரைபடத்தைக் காணவில்லை. அதே இடத்தில் அதே சார்ட் தாள், திருப்பி ஒட்டியிருந்தது. வெறுமையாக இருந்த பின்பக்கத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, யாரும் சொல்லாமல் அவளாகவே ஒரு கால அட்டவணை எழுதியிருந்தாள். திங்கள் முதல் ஞாயிறு வரை. ஆறு மணி, ஆறரை, ஏழு. புதுப் பள்ளிக்கு முன்கூட்டியே தயாராவதற்காம். கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளிகூட இல்லை. தாளின் தலை சுத்தமாக இருந்தது. முன்பக்கத்து நீல அம்புக்குறிகள் இரண்டு மட்டும் லேசாக ஊடுருவித் தெரிந்தன.

“வெளிய போலாமாட்டி? மழை நின்னுட்டு” என்றேன்.

“பதினொண்ணுலேருந்து பன்னெண்டு வரைக்கும் ரிவிஷன் இருக்கும்மா” என்று கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, “நல்லா இருக்காம்மா? பத்துக்கு எத்தனை போடுவ?” என்று கேட்டாள்.

காத்துக்கொண்டு நின்றாள். ஒரு வருடத்துக்கு மேலாக நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவ்வளவு நேர்த்தியாக ஒப்பித்துவிட்டு நிற்கிற பிள்ளைக்கு வேறென்ன சொல்லமுடியும்?

“பத்து மக்கா” என்றேன். “பத்துக்குப் பத்து.”